பிரிட்டனில் சிறப்பு மருத்துவராகப் பதிவு பெறுதல்: போர்ட்ஃபோலியோ வழிக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் எம்.டி. முடித்து, அரசு மருத்துவக் கல்லூரியில் பத்தாண்டு உதவிப் பேராசிரியராக இருந்து, தம்மிடம் படித்த முதுநிலை மாணவர்களே இன்று துறைத் தலைவர்களாக இருக்கும் நிலையில் உள்ள ஒருவர், பிரிட்டனுக்கு வந்ததும் ரெஜிஸ்ட்ரார் என்னும் இடைநிலை மருத்துவர் நிலையிலோ அதற்கும் கீழான நிலையிலோ வேலையில் சேர்கிறார். தம் பட்டத்துக்கு இங்கே மதிப்பில்லை என்று எண்ணி மனம் நொந்துபோகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பாதவர்கள் படித்தால் பயன் இரு மடங்காகும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பிரிட்டனில் மருத்துவர் பதிவு அடுக்கடுக்காக அமைந்தது. 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், அதாவது ஜிஎம்சி, உங்களுக்கு முழுப் பதிவையும் மருத்துவம் பார்க்கும் உரிமத்தையும் கொடுத்துவிட்டால் நீங்கள் அங்கே மருத்துவர். ஆனால் அதே ஜிஎம்சி பராமரிக்கும் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர் என்னும் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான், என்எச்எஸ் என்னும் அரசுப் பொது மருத்துவச் சேவையின் மருத்துவமனையில் நிரந்தர கன்சல்டன்ட், அதாவது தனிப்பொறுப்புள்ள மூத்த சிறப்பு மருத்துவர், ஆக முடியும். 1997 ஜனவரி 1 முதல் இது சட்டக் கட்டாயம். லோகம் எனப்படும் தற்காலிக கன்சல்டன்ட் பணிக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை. அந்நாட்டிலேயே பயிற்சி முடிப்பவர்கள் சிசிடி என்னும் பயிற்சி நிறைவுச் சான்றிதழ் வழியாக இந்தப் பதிவேட்டுக்குள் வருகிறார்கள். எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி., டி.எம்., எம்.சிஎச். ஆகிய இந்திய முதுநிலை, உயர்சிறப்புப் பட்டங்களையோ கொழும்புப் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தின் எம்.டி.யையோ மட்டும் காட்டி யாரும் நேரடியாக உள்ளே போக முடியாது. நமக்குத் திறந்திருப்பது போர்ட்ஃபோலியோ வழி, அதாவது செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாகத் திரட்டிக் காட்டிப் பதிவு பெறும் முறை.

நான் மயக்கவியல் மருத்துவர். இந்த வழியில் பதிவு பெற்றவன். அதன்பின் இளைய மருத்துவர்கள் பலருடைய கோப்புகளை அனுப்புமுன் படித்துக் கருத்துச் சொல்லியிருக்கிறேன். அவற்றுள் திறமைக் குறைவால் நின்றுபோன கோப்பு ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. செய்த வேலைக்கு எழுத்துச் சான்று இல்லாமலும், எழுத்துச் சான்று இருந்தும் அதை உறுதிப்படுத்த ஆள் இல்லாமலும் நின்றவை பல. இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு குறையைத் தவிர்ப்பதற்கானவை.

2023இல் மாறியது என்ன

இந்த வழி 2005இல் சிஇஎஸ்ஆர் என்ற பெயரில் தொடங்கியது. சீனியர் மருத்துவர்கள் பலர் இன்றும் பேச்சில் அந்தப் பெயரையே சொல்கிறார்கள். அன்றைய விதிப்படி, உங்கள் பயிற்சியும் தகுதியும் பிரிட்டனின் சிசிடிக்கு இணையானவை என்று நீங்கள் நிறுவ வேண்டியிருந்தது. 2023 நவம்பர் 30 முதல் சட்டம் மாறியது. இப்போது கேட்கப்படுவது, அந்நாட்டில் அந்தத் துறையின் சிறப்பு மருத்துவராகப் பணியாற்றத் தேவையான அறிவும் திறனும் அனுபவமும் உங்களிடம் இருக்கின்றனவா என்பதே. எங்கே, எந்த வரிசையில், எத்தனை மாதம் பயிற்சி பெற்றீர்கள் என்பதை மாதக் கணக்கில் ஒப்பிடும் சுமை இதனால் குறைந்தது.

ஆயினும், அளவுகோல் தாழ்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு தயாரிப்பைக் குறைத்துவிடாதீர்கள். அந்தத் துறையின் பாடத்திட்டம்தான் இன்றும் அளவுகோல். அன்று பயிற்சி முடித்து முதல் நாள் கன்சல்டன்ட் ஆகும் ஒருவர் எதையெல்லாம் தனித்துச் செய்ய வேண்டுமோ, அதையெல்லாம் நீங்களும் செய்வீர்கள் என்பதைக் காட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. பழைய முறையில் சான்றுகள் ஜிஎம்சியின் மருத்துவ நெறி ஏட்டின் நான்கு தலைப்புகளின் கீழ் அடுக்கப்பட்டன. இப்போது பாடத்திட்டத்தின் திறன்வாரித் தலைப்புகளின் கீழ் அடுக்கப்படுகின்றன. எனவே 2023க்கு முன் பதிவு பெற்ற நண்பர் அன்போடு அனுப்பும் கோப்பு மாதிரியைப் பார்த்து ஊக்கம் பெறலாமே தவிர, அதன் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் படி: எந்தத் துறையில் விண்ணப்பிப்பது

எளிதான கேள்வி போலத் தோன்றும் இதில்தான் நம்மவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். அடிப்படைத் தகுதி கடினமானதன்று: விண்ணப்பிக்கும் துறையில் ஒரு சிறப்புப் பட்டம் இருக்க வேண்டும், அல்லது அத்துறையில் குறைந்தது ஆறு மாதப் பயிற்சி இருக்க வேண்டும், அது உலகின் எந்த நாட்டில் பெற்றதாகவும் இருக்கலாம். எம்.டி. முடித்த எவருக்கும் இது இருக்கும்.

சிக்கல் துறையின் எல்லையில் இருக்கிறது. இந்தியாவின் உயர்சிறப்புப் படிப்புகளும் பிரிட்டனின் துறைப் பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இதய மயக்கவியலில் டி.எம். முடித்து, எட்டாண்டுகளாகத் திறந்த இதய அறுவைக்கு மட்டுமே மயக்கம் கொடுத்துவரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இதய மயக்கவியல் என்று தனித்துறை பிரிட்டனின் பட்டியலில் இல்லை. அவர் மயக்கவியல் முழுவதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். மகப்பேறு, குழந்தைகள், நரம்பு மண்டலம், வலி மருத்துவம், தீவிர சிகிச்சை என அனைத்திலும் திறனைக் காட்ட வேண்டும். கல்லீரல் மருத்துவத்தில் டி.எம். முடித்தவருக்கும் இதே நிலைதான். அங்கே அது குடல் மருத்துவத்தின் உட்பிரிவு. நம் ஊரில் ஆழம் கூடக் கூட மதிப்புக் கூடுகிறது. இந்தப் பதிவுக்கோ ஆழத்தைவிட அகலம் முக்கியம். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டவர்கள் சரியான வேலையைத் தேடிச் சேர்கிறார்கள். ஏற்க மனமில்லாதவர்கள் ஒரே ஆபரேஷன் தியேட்டரில் மேலும் மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு அதன்பிறகு வருந்துகிறார்கள்.

இரண்டாம் படி: அடிப்படைப் பதிவு

பெரும்பாலோர் முதலில் முழுப் பதிவு வாங்கி, பிரிட்டனில் வேலை பார்த்துக்கொண்டே சான்று சேர்க்கிறார்கள். அதற்கு, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வு ஒரு வழி. முதல் பகுதி மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள். இரண்டாம் பகுதி மான்செஸ்டரில் நடைபெறும் செய்முறைத் தேர்வு. எம்ஆர்சிபி, எம்ஆர்சிஎஸ் போன்ற ஏற்கப்பட்ட முதுநிலைத் தேர்வுகளை முடித்தவர்களுக்குப் பிளாப் தேவையில்லை. மெடிக்கல் டிரெய்னிங் இனிஷியேட்டிவ் என்னும் திட்டத்தின் கீழ் அதிகபட்சம் இரண்டாண்டு பயிற்சிக்கு வருவோரும் உண்டு. அந்த வழியில் வருபவர்கள், இரண்டாண்டு கழித்து நாடு திரும்ப வேண்டும் என்பதை மனத்தில் வைத்து முதல் மாதமே சான்று சேர்க்கத் தொடங்க வேண்டும்.

ஆங்கிலத் தகுதிக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7.0 வேண்டும், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதினால் நான்கு பிரிவிலும் பி தரம் வேண்டும். எம்.பி.பி.எஸ். பட்டம், எபிக் என்னும் அமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகத்திடமே நேரடியாகச் சரிபார்க்கப்படும். 2018 முதல் இது கட்டாயம். கடந்த ஐந்தாண்டில் நீங்கள் பதிவு பெற்றிருந்த ஒவ்வொரு நாட்டின் கவுன்சிலிடமிருந்தும் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். அது மூன்று மாதத்துக்குமேல் பழையதாக இருக்கக் கூடாது. ஆகையால் மற்ற எல்லாம் கைக்கு வந்த பிறகே அதற்கு விண்ணப்பியுங்கள். முதலிலேயே வாங்கி வைத்து, காலாவதியாகி, மீண்டும் வாங்க அலைந்தவர்களை அறிவேன்.

பிளாப் எழுதாமல், ஊரில் இருந்தபடியே போர்ட்ஃபோலியோ வழியில் விண்ணப்பித்து இரண்டு பதிவையும் ஒருசேரப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. ஆங்கிலத் தகுதியும் மற்ற அடிப்படைச் சான்றுகளும் அப்போதும் வேண்டும். என் அனுபவத்தில் இது மிகக் கடினம். கேட்கப்படும் மதிப்பீட்டுப் படிவங்கள் நம் மருத்துவமனைகளின் அன்றாட வழக்கத்தில் இல்லாதவை என்பதே காரணம்.

இங்கே நமக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். நம் பெயர் முன்னெழுத்தோடு கூடிய ஒற்றைப் பெயர். எம்.பி.பி.எஸ். சான்றிதழில் முன்னெழுத்து முன்னால் இருக்கும், எம்.டி. சான்றிதழில் அது பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். திருமணத்துக்குப் பின் சிலருக்கு அது கணவர் பெயராக மாறியிருக்கும். சரிபார்ப்பவர் கண்ணுக்கு இவர்கள் மூன்று வேறு மனிதர்கள். எல்லாச் சான்றிலும் உள்ள பெயர் ஒருவரையே குறிக்கிறது என்பதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன்னிலையில் தயாரித்துக்கொள்வதும், இனி வாங்கும் ஒவ்வொரு கடிதத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்வதும் பல வார அலைச்சலைத் தவிர்க்கும்.

மூன்றாம் படி: துறை வழிகாட்டியை வரிவரியாகப் படித்தல்

ஒவ்வொரு துறைக்கும் ஜிஎம்சி, அந்தத் துறையின் தொழில்முறை அமைப்பான ராயல் காலேஜோடு சேர்ந்து, என்ன சான்று வேண்டும் என்று விளக்கும் தனி வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. இதைப் படிக்காமல் ஒரு தாளைக்கூடச் சேர்க்காதீர்கள். இடப்பக்கத்தில் அது கேட்கும் ஒவ்வொரு தேவையையும், வலப்பக்கத்தில் உங்களிடம் இப்போது உள்ள சான்றையும் எழுதி ஓர் அட்டவணை போடுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் இடங்கள்தான் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு உங்கள் வேலைத்திட்டம்.

மயக்கவியலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2021 பாடத்திட்டத்தில் பதினான்கு களங்கள் உள்ளன. அவற்றில் ஏழு துறை சார்ந்தவை: அறுவைக்கு முன்னும் பின்னுமான மருத்துவம், பொது மயக்கம், பகுதி மயக்கம், உயிர்மீட்பும் நோயாளியை இடம்மாற்றுதலும், சிகிச்சையின்போது தணிப்பு மருந்து கொடுத்தல், வலி, தீவிர சிகிச்சை. மற்ற ஏழு எல்லா மருத்துவருக்கும் பொதுவானவை: தொழில்நடத்தையும் உரையாடலும், நிர்வாகமும் விதிமுறைகளும், குழுப்பணி, பாதுகாப்பும் தர மேம்பாடும், பலவீன நிலையில் உள்ளோரைக் காத்தல், கற்பித்தல், ஆராய்ச்சி.

அட்டவணையில் இந்தப் பதினான்கையும் எழுதிப் பார்த்தால் ஒன்று விளங்கும். நம் ஊரிலிருந்து வருபவர் துறை சார்ந்த ஏழில் நான்கைந்தை வந்த நாளிலேயே நிறைவு செய்திருப்பார். அறுவைக்கு முன் நோயாளியைப் பரிசோதிக்கும் நம் பிஏசி ஓபி, முதல் களத்துக்கு அருமையான சான்று. முதுகுத்தண்டு மயக்கத்தில் நம் கைப்பழக்கம் எவருக்கும் குறைந்ததன்று. காலியாக நிற்பவை பெரும்பாலும் பொதுவான ஏழுதாம். குழந்தைக்கு வீட்டில் கொடுமை நடக்கிறதோ என்ற ஐயம் வந்தால் யாரிடம் எப்படித் தெரிவிப்பீர்கள், சுயமாக முடிவெடுக்க இயலாத முதியவரிடம் ஒப்புதல் பெறுவது எப்படி, பிழை நேர்ந்தால் நோயாளியிடம் அதை எப்படிச் சொல்வீர்கள் என்பவற்றுக்கு அங்கே சட்டமும் பயிற்சியும் பதிவும் உண்டு. நாமும் இவற்றை மனிதநேயத்தோடு செய்துவந்திருக்கிறோம். ஆனால் தாளில் எழுதியதில்லை. ஆகவே, சீனியர்கள் பலர் சிறியதாக நினைத்துத் தள்ளிப்போடும் இந்தப் பகுதிக்குத்தான் நான் முதல் ஆண்டை ஒதுக்கச் சொல்வேன்.

நான்காம் படி: சான்றுகளைச் சேர்த்தல்

சான்றுகளில் முதுகெலும்பு லாக்புக், அதாவது நீங்கள் கையாண்ட ஒவ்வொரு நேர்வையும் (கேஸ்) குறித்துவைக்கும் ஏடு. தேதி, அறுவை வகை, நோயாளியின் வயது, உடல்நிலைத் தரம், நீங்கள் தனித்துச் செய்தீர்களா அல்லது கண்காணிப்பில் செய்தீர்களா என்பன ஒவ்வொரு நேர்விலும் இருக்க வேண்டும். இதோடு, ஆண்டுவாரியாக எண்ணிக்கையைத் தொகுத்து ஒரு பக்கச் சுருக்கமும் மேலதிகாரியின் கையொப்பமும் தேவை. மதிப்பீட்டாளர் ஆயிரம் நேர்வுகளையும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். அந்தச் சுருக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

அடுத்தது பணியிட மதிப்பீடுகள். நீங்கள் ஒரு நோயாளியைக் கையாளும்போது கன்சல்டன்ட் ஒருவர் உடனிருந்து கவனித்து, எந்த அளவு கண்காணிப்பு உங்களுக்குத் தேவை என்று எழுதிக் கொடுப்பது. மயக்கவியலில் இது ஒன்று முதல் நான்கு வரை போகும். கன்சல்டன்ட் ஆவதற்கு நான்காம் நிலை, அதாவது தனித்துச் செய்யும் நிலை வேண்டும். இருபதாண்டு அனுபவம் உள்ளவர் தம்மைவிட இளைய கன்சல்டன்டிடம் போய் இதைக் கேட்பது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. கேட்டபிறகு மறுத்தவர் ஒருவரும் இல்லை. வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் போதிய அளவு சேர்ந்துவிடும். விண்ணப்பத்துக்கு முந்தைய மாதத்தில் நாற்பது வாங்கினால் அதைப் படிப்பவருக்கே நம்பிக்கை வராது.

உடன் பணிபுரிவோர் பலரிடமிருந்து பெயர் வெளியிடாமல் திரட்டப்படும் கருத்துத் தொகுப்பு, நோயாளிகளின் கருத்துத் தொகுப்பு, ஆண்டுதோறும் நடக்கும் அப்ரைசல் என்னும் பணி மதிப்பாய்வு ஆகியவை பிரிட்டனில் வேலை பார்ப்பவருக்குத் தாமாகவே கிடைக்கும். ஆடிட் மட்டும் கவனத்துக்குரியது. நம் ஊரில் ஒரு முறை எண்ணிக்கை எடுத்துக் கருத்தரங்கில் வாசித்துவிட்டால் ஆடிட் முடிந்தது என்று கருதுகிறோம். இங்கே ஒரு தர அளவை எடுத்து, நம் நடைமுறையை அதோடு ஒப்பிட்டு, குறை கண்டு, மாற்றம் செய்து, மீண்டும் அளந்து, முன்னேற்றம் ஏற்பட்டதா என்று காட்டினால்தான் சுற்று முழுமையாகும். பெரிய தலைப்பு வேண்டியதில்லை. அறுவைக்குப் பின் நோயாளியின் உடல் வெப்பநிலை எவ்வளவு என்று முப்பது பேரிடம் அளந்து, போர்வை முறையை மாற்றி, மறுபடி முப்பது பேரிடம் அளந்தால் அது முழுமையான ஆடிட்.

கற்பித்தலுக்கு, வகுப்பு எடுத்ததற்கான அட்டவணையோடு, கேட்டவர்கள் எழுதிக் கொடுத்த கருத்தும் வேண்டும். ஆராய்ச்சிக்கு எம்.டி. ஆய்வேடும் வெளியான கட்டுரைகளும் உதவும். மனத்தை உலுக்கிய நேர்வுகளைப் பற்றிய சுயசிந்தனைக் குறிப்புகளும் கேட்கப்படும். நம் கல்வியில் இந்தப் பழக்கம் இல்லாததால், பலர் நடந்ததை மட்டும் விரித்து எழுதிவிட்டு, அதனால் தாம் என்ன மாற்றிக்கொண்டோம் என்பதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். மதிப்பீட்டாளர் தேடுவது அந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

சான்று எவ்வளவு பழையது என்பதும் முக்கியம். கடைசி ஐந்தாறு ஆண்டுகளுக்குள் உள்ளவற்றுக்கே எடை அதிகம். பத்தாண்டுக்கு முன் ஐந்நூறு நரம்பியல் அறுவைக்கு மயக்கம் கொடுத்திருந்தாலும், அண்மையில் ஒன்றும் இல்லையென்றால், மூன்று மாதம் அந்தப் பிரிவில் வேலை கேட்டு வாங்குவது நல்லது. பெரும்பாலான மருத்துவமனைகளில் துறைத் தலைவரிடம் திட்டத்தோடு போய்க் கேட்டால் இதற்கு வழி செய்கிறார்கள். வேலைக்குச் சேர்வதற்கு முன்பே, நேர்காணலிலேயே, போர்ட்ஃபோலியோவுக்கு உதவி உண்டா, பிரிவுகளில் சுழற்சி உண்டா என்று கேளுங்கள். சம்பளத்தைவிட இந்தப் பதில் முக்கியமானது.

அறிவுக்கான சான்றாக அந்தந்தத் துறையின் தேர்வு கருதப்படுகிறது: மயக்கவியலுக்கு எஃப்ஆர்சிஏ, கதிரியக்கத்துக்கு எஃப்ஆர்சிஆர், மனநலத்துக்கு எம்ஆர்சிசைக், மகப்பேற்றுக்கு எம்ஆர்சிஓஜி. இவை இல்லாமல் வேறு வகையில் அறிவை நிறுவவும் விதி இடம் கொடுக்கிறது. ஆனால் வயதும் சூழலும் இடம் கொடுத்தால் தேர்வை எழுதிவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. தேர்வில் தேறியவருக்கு அந்தத் தலைப்பின் கீழ் விவாதமே எழுவதில்லை. தேறாதவர் அந்த ஒரே தலைப்புக்காக நூறு பக்கம் திரட்ட வேண்டியிருக்கும்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன்

நான் முதுநிலை படித்த இடத்தை விட்டு வந்து ஏழு ஆண்டு கழித்து, என் பழைய தியேட்டர் பதிவுகளைக் கேட்டு எழுதினேன். என் துறைத் தலைவர் ஓய்வு பெற்றிருந்தார். அடுத்தவர் இடமாற்றத்தில் போயிருந்தார். பதிவேடுகள் இருந்த அறை வேறு தேவைக்குப் போய்விட்டது. மூன்றாண்டு உழைப்பைச் சொல்ல எம்.டி. சான்றிதழ் ஒன்றுதான் மிஞ்சியது. இது யாருக்கும் நேர வேண்டாம்.

விமானம் ஏறுமுன் வாங்கி வைக்க வேண்டியவை இவை: ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமும் முத்திரையும் உள்ள லாக்புக், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்தப் பிரிவில் பணி செய்தீர்கள், தோராயமாக எத்தனை நேர்வுகள் பார்த்தீர்கள் என்று துறைத் தலைவர் அலுவலகத் தாளில் எழுதிய கடிதம், பணி அட்டவணை நகல்கள், சிஆர்ஆர்ஐ என்னும் கட்டாயப் பயிற்சி மருத்துவர் காலச் சான்றிதழ், நீங்கள் படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்டம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்ட நகலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதுநிலைக்குப் பின் அரசுப் பணிக்கால ஒப்பந்தத்தில் மாவட்ட மருத்துவமனையில் இருந்த காலத்தையும் விட்டுவிடாதீர்கள். தனியாளாக இரவில் அவசர அறுவை அனைத்தையும் தாங்கிய காலம் அது. தனித்துச் செயல்படும் திறனுக்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை.

இலங்கையில் பயின்றவர்களுக்கு ஒரு வாய்ப்பு இயல்பாகவே உண்டு. அங்கே எம்.டி. தேர்வுக்குப் பிந்தைய பயிற்சியின் ஒரு பகுதி வெளிநாட்டில் கழிகிறது. பலர் அதற்குப் பிரிட்டனையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் காலத்தை, சிறப்பு மருத்துவராக அங்கீகரிக்கும் போர்டு சான்றுக்கான கடமையாக மட்டும் கருதாமல், முதல் வாரத்திலிருந்தே அந்நாட்டு முறைப்படி மதிப்பீடுகளைச் சேர்த்துவந்தால், பின்னாளில் விண்ணப்பிக்க முடிவெடுக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஐந்தாம் படி: உறுதிப்படுத்துபவர்களும் பரிந்துரையாளர்களும்

ஒவ்வொரு பணியிடத்துச் சான்றுகளும் உண்மை என்று அங்கே பணியாற்றும் பொறுப்பான ஒருவர் ஜிஎம்சிக்கு உறுதி சொல்ல வேண்டும். அவருடைய பெயரையும் அலுவலக மின்னஞ்சலையும் நீங்கள் கொடுக்க வேண்டும். நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர்கள் பெரும்பாலும் சொந்த ஜிமெயில் முகவரியையே பயன்படுத்துவதால் இங்கே கோப்பு முடங்குகிறது. முதல்வர் அலுவலகத்தின் அதிகாரபூர்வ முகவரி வழியாகப் பதில் வரச் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே நேரில் பேசி வையுங்கள். ஜிஎம்சியிடமிருந்து கடிதம் வரும், பதில் போட வேண்டும் என்று அவரிடம் சொல்லியும் வையுங்கள். குப்பைப் பெட்டியில் கிடக்கும் ஒரு மின்னஞ்சலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

உங்கள் வேலையை நேரில் கண்ட கன்சல்டன்ட்கள் நான்கைந்து பேர் விரிவான அறிக்கையும் தருவார்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட, உங்களோடு அண்மையில் பணிபுரிந்தவரே பொருத்தம். அவர்களிடம் துறை வழிகாட்டியைக் கொடுத்து, எந்தக் களத்தைப் பற்றி யார் எழுதுவார் என்று பகிர்ந்துகொள்ளச் செய்தால் எல்லோரும் ஒரே பாராட்டைத் திரும்ப எழுதும் நிலை வராது.

நோயாளியின் பெயர், முகவரி, மருத்துவமனை எண் ஆகியவை ஒரு பக்கத்தில்கூடத் தெரியக் கூடாது. நோயாளிக்கு நாம் கட்டுப்பட்ட கடமை இது; மீறினால் சான்று திருப்பி அனுப்பப்படும். கறுப்பு மையால் அடித்துவிட்டு ஸ்கேன் செய்தால் வெளிச்சத்தில் எழுத்து தெரியும். நகல் எடுத்து, அடித்து, அதை மறுபடி நகல் எடுங்கள். லாக்புக்கைத் தொடங்கும்போதே பெயர் இல்லாமல் எழுதிவிட்டால் இந்தப் பாடே இல்லை.

ஆறாம் படி: விண்ணப்பம் முதல் முடிவு வரை

விண்ணப்பம் முழுவதும் இணையவழி. கட்டணம் 1,500 பவுண்டுக்குமேல். முடிவு பாதகமானாலும் அது திரும்பாது. பொதுவாக எண்ணூறு முதல் ஆயிரம் பக்கம் வரை சான்று சேரும். பக்கம் கூடினால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள். ஒரே தன்மையுள்ள இருபது சான்றுகளில் சிறந்த ஐந்தை வைத்து மற்றவற்றை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெளிவான பெயர் வையுங்கள்.

அனுப்பிய பின் ஜிஎம்சி அலுவலர் முதலில் பார்த்து, குறைகள் இருந்தால் எழுதுவார்; அவற்றை நிரப்பக் காலம் தரப்படும். அந்தக் கடிதம் வந்தால் கலங்க வேண்டாம். அது நிராகரிப்புக் கடிதம் அன்று; கேட்டதை மட்டும், கேட்ட வரிசையில் அனுப்புங்கள். பின்னர் ராயல் காலேஜின் மதிப்பீட்டாளர்கள் படித்துப் பரிந்துரை எழுதுவார்கள். இறுதி முடிவு ஜிஎம்சியுடையது. விண்ணப்பம் முழுமையடைந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். சான்று சேர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால், முழுநேர வேலையோடும் குடும்பத்தோடும், இரண்டு மூன்று ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டில் உள்ளவர்களிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. வார இறுதிகளில் பெரும்பகுதியை இது எடுத்துக்கொள்ளும்.

முடிவு பாதகமாக வந்தால், எந்தக் களத்தில் என்ன குறை என்று விளக்கமாக எழுதியிருப்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தக் குறைகளுக்கு மட்டும் புதுச் சான்று சேர்த்து மறுஆய்வு கேட்கலாம். நிறைவு பெற்றதாகச் சொல்லப்பட்ட களங்களை மீண்டும் நிரூபிக்க வேண்டியதில்லை. முடிவே தவறு என்று கருதினால் 28 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். குறை உண்மையிலேயே இருக்கும்போது மேல்முறையீட்டைவிட மறுஆய்வே பயன் தரும். ஆகவே கடிதம் வந்த அன்றே துறைத் தலைவரைச் சந்தித்து, குறையுள்ள பிரிவில் அடுத்த சில மாதங்களுக்கு வேலை ஒதுக்கித் தரும்படி கேளுங்கள்.

முடிவு சாதகமானால், ஜிஎம்சி இணையதளத்தின் பொதுப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே துறையும் தேதியும் ஏறியிருக்கும். பெயரின் எழுத்துகளையும் துறையின் பெயரையும் சரிபாருங்கள். சிசிடி வழியில் வந்தவருக்கும் உங்களுக்கும் இந்தப் பதிவேட்டில் வேறுபாடு கிடையாது. ஆனால் பின்னாளில் வேறு நாட்டுக்குச் செல்ல எண்ணுபவர், அந்த நாட்டுக் கவுன்சில் இந்த இரண்டையும் சமமாகக் கருதுகிறதா என்று தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். நிரந்தர கன்சல்டன்ட் பணிக்கு நியமன ஆலோசனைக் குழுவின் நேர்காணல் உண்டு. அதில் ராயல் காலேஜின் பிரதிநிதியும் மருத்துவமனை நிர்வாகிகளும் அமர்ந்திருப்பார்கள். அந்தத் துறைக்கு நீங்கள் புதிதாக என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஆடிட், கற்பித்தல், நிர்வாகம் என்று இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த அதே கோப்பிலிருந்து அதற்கான பதிலை எடுத்துக்கொள்ளலாம்.